கற்பித்தல் பயிற்சிக்குப் போனால் உட்படுத்தல் கல்வி வருமா?

கேள்வி, மே 11

கல்வியியற் கல்லூரியில் உட்படுத்தல் கல்விப் பாடத்துக்கு (மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் பொது வகுப்பிலேயே சேர்த்துப் படிப்பிப்பது) ஏ எடுத்தவள் நான். இப்போது மூன்றாம் வருடம், கொழும்பில் ஒரு பாடசாலையில் தரம் 3க்குப் போட்டிருக்கிறார்கள். 38 பிள்ளைகள். ஒருவன் பாதி நேரம் மேசைக்குக் கீழே இருக்கிறான். ஒருத்தி வாயே திறப்பதில்லை. படித்ததில் ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை. இந்த ஒரு வருடத்துக்குப் பதிலாக விசேட கல்வி அலகில் ஒரு மாதம் விட்டிருந்தால் உருப்படியாக ஏதாவது பழகியிருப்போம். கற்பித்தல் பயிற்சி என்பது ஆள் பற்றாக்குறைக்கு எங்களைப் போட்டு நிரப்புவதுதான். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

மே 11, இரவு 10.05

இல்லை என்று நான் சொல்கிறேன். ஆனால் பாதிக்குத்தான்.

ஆள் பற்றாக்குறைக்குப் போடுவது உண்மை. பதினாறு வருடமாகக் கொழும்பில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். அநேகமாக வருடத்துக்கு ஒரு பயிலுநராவது என் வகுப்புக்கு வருவார். இரண்டாவது கிழமையே யாராவது ஒரு மிஸ் லீவு போடுவார், பயிலுநரை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

விசேட கல்வி அலகு விஷயம்தான் ஒப்பவில்லை. அங்கே எட்டுப் பத்துப் பிள்ளைகள், அதற்கென்றே படித்த ஒரு ஆசிரியை. உங்களுக்கு நாளைக்கு நியமனம் கிடைக்கப்போவது அங்கே இல்லை. 38 பேருக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேசைக்குக் கீழே இருப்பவனையும் எப்படிப் பார்ப்பது என்பதுதான் உங்கள் பிரச்சினை. அதை 38 பேர் வகுப்பில்தான் பழகலாம். அலகுக்கு அனுப்பினால் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. ‘இந்தப் பிள்ளைகளுக்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று மனதில் பதிந்துவிடும். அது பதிந்தால் பிறகு கழுவினாலும் போகாது.

மே 12, காலை 6.15

155 பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் சாரதியைக் கேளுங்கள்.

நேற்று சொல்லாமல் விட்டது. என்னுடைய கற்பித்தல் பயிற்சியும் கொழும்பில்தான், வடக்குப் பக்கம் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். தரம் 4. இறுதி மதிப்பீட்டு நாள். சுற்றாடல் பாடம், விலங்குகளின் வாழிடம். ரெஜிபோமில் ஒரு யானை வெட்டி வர்ணம் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். அந்த வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவனுக்கு எழுத்தே பிடிபடாது. ஒருவன் எழும்பி எழும்பி ஓடுவான். ஒருத்திக்குப் பேச்சு தெளிவில்லை. மதிப்பீட்டாளர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு வகுப்பாசிரியை அந்த மூன்று பேரையும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

பாடம் பிரமாதம். மதிப்பீட்டுத் தாளில் ‘வகுப்பு முகாமைத்துவம் மிக நன்று’ என்று எழுதியிருந்தது. எங்கள் குழுவிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். வகுப்பில் மூன்று பேர் இல்லாத நாளில் எடுத்த புள்ளி.

ஆகவே தங்கச்சி, கற்பித்தல் பயிற்சி ஒன்றும் கற்றுத்தருவதில்லை என்று சொல்லாதீர்கள். எனக்கு அது நன்றாகவே கற்றுத்தந்தது. கஷ்டமான பிள்ளையை வெளியே அனுப்பினால் பாடம் நன்றாகப் போகும் என்று.

மே 14, இரவு

‘உட்படுத்தல்’ என்ற சொல் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும்தான். பிள்ளையை ஏதோ விசாரணைக்கு உட்படுத்துவது போல ஒலிக்கிறது. ‘உள்ளடங்கல்’ என்றால் பார்சலுக்குள் இருக்கும் சாமான் பட்டியல் மாதிரி. ‘உள்வாங்கல்’ சாப்பாட்டு விஷயம். எதைப் போட்டாலும் ஒரு கதை வரும். பாடப் பெயராக நம்மிடம் உட்படுத்தல் என்று நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம்.

சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி வயது முதலில் 5 முதல் 14, 2016இல் 16 வரை நீட்டினார்கள். அதே 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. ஆக, பிள்ளை வாசலுக்குள் வரலாம். வந்த பிறகு கடைசி வாங்கில் என்ன நடக்கிறது என்று எந்த வர்த்தமானியிலும் இல்லை.

மே 19, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. பின்வரும் கதையை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வளைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், தரம் 3. ஒரு பையன். கெட்டிக்காரன் மாதிரியும் இருக்கும், மக்கு மாதிரியும் இருக்கும். பலகையில் இருப்பதை முழுக்க எழுதுவான். வாயால் சொன்னால் பாதிதான் எழுதுவான். ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு எரிச்சல் வரும். முதலாம் தவணை அறிக்கையில் என் கையால் எழுதினேன்: ‘திறமை உண்டு. சொல்வதைக் கேட்பதில்லை.’

எங்கள் வகுப்பறையைத் தெரிந்துகொண்டால்தான் மிச்சம் விளங்கும். ஒரு பக்கம் பிரதான வீதி. மறுபக்கம் தரம் 2, நடுவில் அரைச்சுவர். அங்கே வாய்ப்பாடு சொன்னால் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். மேலே இரண்டு மின்விசிறி, ஒன்று ஓடும்போதெல்லாம் டக் டக் என்று அடிக்கும்.

அந்த வருடம் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு பயிலுநர் வந்தார். வந்த கிழமை எனக்குப் புள்ளி போடும் வேலை தலைக்கு மேல். ‘மூன்று நாளைக்குப் பின்னால் இருந்து பாருங்கள்’ என்றேன். இதில் கற்பித்தல் முறை ஒன்றும் கிடையாது, அவரோடு பேச எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அவர் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் அந்தப் பையன் செய்வது என்று எழுதியிருக்கிறார். ஏன் அவன் என்று பிறகு கேட்டேன். அவனுக்குப் பக்கத்தில்தான் கதிரை காலியாக இருந்ததாம்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் போன பிறகு மெல்ல வந்தார். ‘மிஸ், நீங்கள் பலகைப் பக்கம் திரும்பிக் கதைத்தால் அவன் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான்.’

சோம்பேறி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியைத் திறந்து காட்டினார். சொல்வதெழுதல் நடந்த பாடவேளை. நான் நடந்து நடந்து சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். அவன் முகம் என் முகத்தைப் பார்த்த சொற்களெல்லாம் சரி. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று நான் சொன்ன சொற்களுக்கு வெறும் இடம். இரண்டு பிழை அல்ல, ஒன்றுவிடாமல் எல்லாம்.

அவன் என் வாயைப் படித்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். ‘வீட்டிலயும் அப்படித்தான் மிஸ், எத்தனை தரம் கூப்பிட்டாலும் கேட்கமாட்டான்’ என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். சின்ன வயதிலிருந்து காதில் சீழ் வடிவதுண்டாம். பரிசோதனைக்குத் தவணை கிடைத்துப் போய் வர நாளானது. நடுக்காதில் நீர் கட்டி இரண்டு பக்கமும் கேட்டல் குறைந்திருந்தது. மருந்துக்குப் பிறகு ஒரு காது நன்றாகத் தெளிந்தது.

அதுவரைக்கும் வகுப்பில் செய்ததெல்லாம் காசு செலவில்லாத வேலை. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு கதைப்பது. ஜன்னலுக்கு முன் நிற்காமல் இருப்பது. வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், வாய் தெரியாது. வேறு பிள்ளை விடை சொன்னால் அதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்வது. டக் டக் விசிறியை நிறுத்துவது. இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் வகுப்பே எனக்கு எதிராகக் கிளம்பியது, கொழும்பு வெயிலில் நியாயம்தான். கடைசியில் சொல்வதெழுதலுக்கு மட்டும் நிறுத்துவது என்று உடன்பாடு. பின் வரிசை முழுவதும் அந்தத் தவணை சொல்வதெழுதலில் தேறியது. அவர்களுக்கும் கேட்கவில்லை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அந்த அறிக்கைப் புத்தகம் இப்போதும் அந்த அம்மாவிடம் இருக்கும்.

மே 20, பிற்பகல்

‘அப்படியானால் பயிலுநர் சும்மா பின்னால் இருந்தால் போதுமா?’ போதாது. ஆனால் முதல் நாளே வெண்கட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறோமே, அது அதைவிட மோசம். முன்னால் நிற்பவருக்குத் தான் படிப்பிப்பது மட்டும்தான் தெரியும். பதினான்கு வருட அனுபவம் எனக்கு ஐந்து மாதம் காட்டாததை, கதிரை காலியாக இருந்த ஒரே காரணத்தால் அந்தப் பயிலுநர் மூன்று நாளில் கண்டார்.

இரண்டு பயிலுநரை ஒரே வகுப்பில் போட்டு, ஒருவர் படிப்பிக்க மற்றவர் பார்த்து எழுதினால் நல்லது என்பது என் எண்ணம். அதிபர்கள் விடமாட்டார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் அவர்கள் கண்ணுக்கு ஒருவர் உபரி.

மே 20, இரவு

மேலே எழுதியதை ஒருவர் தலைகீழாக விளங்கியிருக்கிறார். பயிலுநரை அந்த ஒரு பிள்ளையோடு ஒட்டி உட்கார வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் தனியார் பாடசாலைகளில் பெற்றோர் காசு கொடுத்து ‘ஷேடோ டீச்சர்’ வைப்பதைப் பார்க்கிறோம். சில இடத்தில் அது தேவை. ஆனால் பயிலுநரை இலவச ஷேடோ ஆக்கினால் என்ன நடக்கும்? வகுப்பாசிரியை அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தால் மற்றப் பிள்ளைகளும் அவனோடு கதைக்க வரமாட்டார்கள். வகுப்புக்குள்ளேயே ஒரு அலகு. பயிலுநர் போனதும் அவன் முன்பைவிடத் தனியாகிவிடுவான்.

நான் செய்து பார்த்த வழி: நாளைக்கு ஒரு பாடவேளை பயிலுநர் 35 பேரை எடுப்பார், நான் கூடுதல் உதவி தேவையான மூன்று பேரோடு தரையில் இருப்பேன். அடுத்த நாள் மாற்றி. பாயில் உட்கார்ந்து எழும்ப என் முழங்கால்தான் சம்மதிக்கவில்லை.

மே 23

ஒரு திருத்தம். மே 11 இல் அலகைப் பற்றி எடுத்தெறிந்து பேசிவிட்டேன். நேற்று ஒரு பாடவேளை காலியாக இருந்தது, எங்கள் பாடசாலை அலகில் போய் இருந்தேன். வெட்கம் என்னவென்றால், ஒரே கட்டடம், வருடக்கணக்கில் நான் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

அங்குள்ள ஆசிரியை ஒரு பிள்ளைக்குக் கை கழுவப் பழக்கிக்கொண்டிருந்தார். நமக்கு அது ஒரு வேலை. அவர் அதை ஒன்பது துண்டாக்கி வைத்திருக்கிறார். கைச்சட்டையை மடிப்பது முதல் துண்டு, குழாயை இறுக்குவது எட்டாவது. முதல் எட்டையும் அவர் செய்துவிட்டு, ஒன்பதாவதை, அதாவது துவாயில் துடைப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுகிறார். பிள்ளை துடைத்ததும் ‘முடித்துவிட்டாய்!’ அடுத்த கிழமை கடைசி இரண்டு. பின்னாலிருந்து முன்னுக்குப் போகிறார். இதனால் பிள்ளைக்கு எந்த நாளும் வேலையை முடித்த சந்தோஷம்தான் கிடைக்கும், நடுவில் தோற்ற ஞாபகம் இருக்காது. நீள வகுத்தலை நான் ஒருநாளும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. திங்கட்கிழமை செய்து பார்க்கப்போகிறேன்.

ஆகவே ஒரு மாதம் வேண்டாம் தங்கச்சி, ஒரு கிழமை அலகில் இருங்கள். பார்த்ததை எடுத்துக்கொண்டு 38 பேரிடம் திரும்பி வாருங்கள். மே 11 குறிப்பை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 2, இரவு 12.10

மே 12 இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது.

‘வகுப்பாசிரியை அனுப்பிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் செய்தது, முதல் நாள் பின்னேரம் என்னிடம் ‘நாளைக்கு யாரையாவது வெளியே வைக்கவா?’ என்று கேட்டது. பெயர் சொன்னது நான். கேட்ட மாத்திரத்தில் மூன்று பெயரும் வந்தது. அவர் இரண்டு பேரைத்தான் நினைத்திருந்தார். அந்தப் பேச்சுத் தெளிவில்லாத பிள்ளையை நான்தான் சேர்த்தேன், வாய்மொழிப் பயிற்சி இருந்தபடியால்.

பாடம் முடியும் தறுவாயில் அவள் கதவடியில் வந்து நின்றாள். யானையைப் பார்த்தாள். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டிருந்தார், அவர் காணவில்லை. நான் தலையை ஆட்டினேன், வராதே என்று. போய்விட்டாள்.

இத்தனை வருடம் இதை வகுப்பாசிரியையின் தலையில் போட்டே சொல்லி வந்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் பயிலுநர்களுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 3

நன்றி, ஆறுதல் வேண்டாம். யானைக்கு என்ன ஆனது என்று கேட்டவருக்கு: திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நெரிசலில் ஒரு காது உடைந்தது. கொண்டக்டர் காதை எடுத்துக் கொடுத்து, யானைக்கு அரை டிக்கெட் கேட்டார்.

ஜூன் 10

மதிப்பீட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று இப்போது எனக்குப் படுகிறது. மதிப்பீட்டாளர் வந்து நாற்பது நிமிடம் இருந்து, பாடக் குறிப்பு, பலகை, உபகரணம், ஐந்து ஈ முறை (ஆங்கில E எழுத்தில் தொடங்கும் ஐந்து கற்பித்தல் படிகள்) எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார். (நாங்கள் அந்தக் காலத்தில் ‘ஈ மொய்த்ததா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.) அவர் மேல் பிழை இல்லை, ஒரே நாளில் மூன்று பாடசாலை ஏறி இறங்க வேண்டும். ஆனால் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: இன்று இந்த வகுப்பில் யார் கற்கவில்லை, ஏன்? ‘எல்லோரும் கற்றார்கள்’ என்று எழுதும் பயிலுநருக்குப் புள்ளி குறைக்க வேண்டும். வரவு இடாப்பில் உள்ள 38 பேரும் வகுப்பில் இருக்கிறார்களா என்று எண்ணவும் வேண்டும். இது என் சொந்தப் பழி.

இன்னொன்று. உட்படுத்தல் வகுப்பில் படிப்பிக்கத் தன்னால் முடியும் என்று ஆசிரியர் எவ்வளவு நம்புகிறார் என்பதை அளக்க 2012இல் வெளியான ஒரு வினாக்கொத்து இருக்கிறது. 18 கூற்று. கற்பித்தல், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தல், நடத்தையைக் கையாளல் என்று மூன்று பகுதி. தமிழில் நானே ஒருமாதிரி எழுதி, போன வருடப் பயிலுநரிடம் வந்த அன்றும் ஆறு கிழமை கழித்தும் கொடுத்தேன். இரண்டாம் தரம் அவர் நம்பிக்கை குறைந்திருந்தது! அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது. முதல் நாள் ‘முழுதாக உடன்படுகிறேன்’ என்று வரிசையாகப் போட்டவர், ஆறு கிழமை கழித்து ஒவ்வொரு கூற்றிலும் நின்று யோசித்தார்.

இத்தாலியைப் பார் என்று எழுதியவருக்கு: 1977இல் அங்கே சட்டம் போட்டு மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்புக்குள் கொண்டுவந்தது சரி. கூடவே அந்த வகுப்புக்கென்று துணை ஆசிரியரையும் போட்டார்கள். அந்தத் துணை ஆள் பிள்ளைக்கு மட்டுமல்ல, வகுப்புக்கே உரியவர் என்பது அங்குள்ள கொள்கை. நம்மிடம் முதல் பாதியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

ஜூன் 16

வாய் திறக்காத பிள்ளை பற்றி. பாடசாலை வான் அன்ரியோடு சிங்களத்தில் சளசளவென்று கதைக்கிறாள் என்று தங்கச்சி எழுதியிருப்பது நல்ல கண்டுபிடிப்பு. கொழும்பில் தமிழ்மூல வகுப்பு என்றால் எல்லோர் வீட்டிலும் தமிழ் என்று கல்லூரியில் நினைத்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் மூன்று மொழி வீடு உண்டு, அப்பாவோடு ஒன்று, அம்மம்மாவோடு ஒன்று. அவள் விடையைச் சிங்களத்தில் சொன்னாலும் சரி என்று ஏற்றுப் பாருங்கள், நீங்கள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். ஆனால் மொழிதான் காரணம் என்று இன்றைக்கே முடிவு கட்டவேண்டாம். முடிவு கட்டி நான் பட்டது மே 19 இல் இருக்கிறது.

ஜூன் 24, காலை

தங்கச்சி, மேசைக்குக் கீழே இருப்பவனைப் பார்த்து நீங்கள் எழுதிய ஒன்பது நாள் குறிப்பையும் வாசித்தேன். அவன் மேசைக்குக் கீழே போவது அநேகமாக இடைவேளைக்குப் பிறகு, பக்கத்து வகுப்பு கோரஸாக வாய்ப்பாடு சொல்லும் நேரம். காதைப் பொத்திக்கொண்டு போகிறான். கீழேயிருந்து ‘ஐம்பத்தாறு’ என்று சரியான விடையும் சொல்கிறான். அப்படியென்றால் அவன் வகுப்பில்தான் இருக்கிறான். உயரம் மட்டும்தான் வித்தியாசம்.

வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார், அவனை வெளியே எடுக்கவா என்று கேட்கிறீர்கள். எடுக்கவேண்டாம். யாரையும் நூலகத்துக்கு அனுப்பவும் வேண்டாம். பாடக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்: ‘ஒரு மாணவர் மேசைக்குக் கீழே இருந்து பங்குபற்றுவார்.’ காரணத்தை ஒரு வரியில் போடுங்கள். அந்த ஒன்பது நாள் கொப்பியை மேசை மேல் வையுங்கள். பக்கத்து மிஸ்ஸிடம் போய் அன்றைக்கு மட்டும் வாய்ப்பாட்டை முதல் பாடவேளைக்கு மாற்றக் கேளுங்கள், ஒரு பிளேன்ரீயோடு கேட்டால் மாற்றுவார். புள்ளி குறைந்தால் இங்கே வந்து எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து திட்டுவோம்.

ஜூன் 28

வியாழன் என்ன நடந்தது என்று இங்கே பலர் கேட்டபடியால், தங்கச்சி தொலைபேசியில் சொன்னதை அவர் அனுமதியோடு போடுகிறேன். பக்கத்து மிஸ் வாய்ப்பாட்டை மாற்றவில்லை, மறந்துவிட்டார். பாடம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவன் கீழே. மதிப்பீட்டாளர் குறிப்பை வாசித்தார், எழும்பி வந்தார், குனிந்து பார்த்தார். அவனும் பார்த்தான்.

‘சேர், உங்கட சப்பாத்து லேஸ் கழண்டிருக்கு.’

அவர் கட்டிக்கொண்டாராம். புள்ளி இன்னும் வரவில்லை.